தகரத்துக்கும் வெள்ளித்தாளுக்கும் நடுவே ஒரு சாண்

வளைகாப்பு முடிந்த மகளை அழைத்து வரப் போன வேனில், வெறும் அண்டாக்களோடு திரும்பி வந்தவன் நான். ஏழு வகைச் சோறு கொண்டு போயிருந்தோம். கம்பத்தில் சம்மந்தி வீட்டார் அத்தனையையும் சாப்பிட்டு, தயிர்ச்சோற்று அண்டாவை வழித்துக் கழுவியும் கொடுத்தார்கள். மகளை மட்டும் கொடுக்கவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற விஷயம் அல்ல. வளையல் அடுக்கிய கையோடு பெண் வண்டியில் ஏறிவிடும். என் மகளும் துணிப்பையைக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து சம்மந்தி தோள் துண்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் போட்டார். அவர் துண்டை மாற்றினால் ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"தப்பா நெனச்சுக்கிராதீக சம்மந்தி. மதுர வெயிலு உங்களுக்குப் பழக்கம். போன சித்திரையில உங்க பின்னறையில ஒரு மத்தியானம் படுத்தேன்ல? ரெண்டு பக்கமும் பெரட்டிப் போட்டு அப்பளம் மாதிரிச் சுட்டு எடுத்துருச்சு. மாசமா இருக்க பிள்ளை எப்படித் தாங்கும்? இங்கன மலைக்காத்து வருது. பிரசவத்த இங்கயே பாத்துக்குருவமே."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். விளாங்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் கான்கிரீட் போட்டிருக்கிறோம். பின்னறைக்கு மட்டும் தகர ஷீட். உட்கார்ந்து போகிற மேல்நாட்டுக் கழிப்பறை அந்த அறையை ஒட்டித்தான் இருக்கிறது. என் முழங்கால் வலிக்காகக் கட்டியது. கீழே குந்த முடியாத நிறைமாதப் பெண் வேறு எங்கே தங்க முடியும்? பங்குனி பிறந்துவிட்டால் அந்த அறையில் பல்லிகூடப் பகலில் இருப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அன்றும் முந்திக்கொண்டது.

"மூணு வாரம் குடுங்க சம்மந்தி. நீங்களே வந்து அதே ரூம்ல மத்தியானம் படுங்க. ஒரு சொட்டு வேர்த்துச்சுன்னா பிள்ளை இங்கயே இருக்கட்டும். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

என் மனைவி பின்னாலிருந்து விலாவில் கிள்ளினாள். சொன்னது சொன்னதுதான். சம்மந்தியும் துண்டைப் பழையபடி மாற்றிக்கொண்டு சரி என்றார். வேன் புறப்படும்போது மகள் ஜன்னலருகே வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கையில் இருந்த அத்தனை வளையலும் என் மணிக்கட்டில் வந்து இடித்தன.

"அப்பா, நான் நம்ம வீட்டுக்கு வந்துருவேன்ல?"

"வந்துருவ ஆத்தா," என்றேன். வேன் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியது. வழி முழுக்க அண்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

ஏசி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஏசி கடைக்காரரே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தத் தகரத்துக்கு அடியில ஏசி போடுறதும் தெருவுக்கு ஏசி போடுறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். தன் வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டு உண்மை பேசியவரைச் சந்தேகப்பட முடியாது.

எனக்கு வேறொரு வழி தெரிந்திருந்தது. கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பல வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். அங்கே இரண்டு கொட்டகைகள். இரண்டுக்கும் ஒரே தகரம், ஒரே வெயில். ஒன்றில் மட்டும் தகரத்துக்குக் கீழே ஒரு ஷீட் கட்டியிருப்பார்கள். காற்றுக் குமிழ்கள் நிரம்பிய பிளாஸ்டிக் விரிப்பு. அதன் ஒரு முகத்தில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிடலாம். மற்றதில் ஆணியும் போல்ட்டும்தான் குடியிருக்கும். அதன் சூட்சுமத்தை அங்கே வேலை செய்த ஃபிட்டர் எனக்குச் சொல்லியிருந்தார். தகரம் கீழே வீசுகிற அனலை அந்தப் பளபளப்பு வாங்கிக்கொள்ளாது, திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தகரத்தோடு ஒட்டிவிடக் கூடாது. நடுவில் காற்றுக்கு இடம் விட வேண்டும். "எடம் விட்டாத்தான் அது வேலை செய்யும். ஒட்டுச்சுன்னா அதுவும் இன்னொரு தகரம்தான்" என்பார். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்ட பாடெல்லாம் இந்த இடத்தால் வந்தது.

என் மனைவியின் தம்பி எலெக்ட்ரீஷியன். ஏணி சொந்தமாக வைத்திருப்பவர், உயரத்துக்குப் பயப்படாதவர், அக்கா சொல்லைத் தட்டாதவர். முதல் இரண்டு குணங்களுக்காக அவரைக் கூப்பிட்டேன். மூன்றாவது குணம் வேலை தொடங்கிய அரைமணி நேரத்திலேயே குறுக்கே வந்தது.

சுவருக்குச் சுவர் கம்பி இழுத்து, தகரத்திலிருந்து ஒரு சாண் கீழே, அதே சரிவில், பந்தல் மாதிரிப் பின்னியாயிற்று. அதன்மேல் ஷீட்டை விரிக்க வேண்டும். மைத்துனர் ஏணியில் நின்றபடி கேட்டார்.

"மச்சான், பளபளப்பு மேலயா கீழயா?"

"மேல, மாப்ள. தகரத்தப் பாத்து."

"மேலயா?" சமையலறையிலிருந்து கரண்டியோடு மனைவி வந்துவிட்டாள். "பளபளன்னு இருக்கறத மேல வச்சா யாரு பாக்குறது? பல்லியா? சம்மந்தி வீட்டுக்காரவுக வந்து அண்ணாந்து பாத்தா வெறும் வெள்ளையால்ல தெரியும். சாக்குப்பைய விரிச்சு வச்சுருக்கோம்னு நெனப்பாக."

"அழகுக்குப் போடலடி. அனலுக்குப் போடுறோம்."

"அனலுக்கு மேல கண்ணா இருக்கு?"

மைத்துனர் ஷீட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கை வலிக்க ஆரம்பித்ததும் அக்கா பக்கம் சாய்ந்தார். நான் ஏணியின் கடைசிப் படியில் ஏறி நின்று, என் மகள் வீட்டுக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று கத்தினேன். அதற்கு மேல் மனைவி வாதாடவில்லை. ஆனாலும் மிச்சமான துண்டில் ஒரு கையகலம் வெட்டி, பளபளப்பு முகம் தெரிகிற மாதிரிக் கதவுக்கு மேலே ஒட்டிவிட்டாள். "மேல பூராம் இதுதான்னு தெரியட்டும்" என்றாள். இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

அந்த அறைக்கு இன்னொரு வியாதியும் உண்டு. மழை பெய்தால் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே தண்ணீர் கசிந்து, கட்டில் போடுகிற பக்கத்துச் சுவரில் ஓதம் இறங்கும். சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்து, ஈர நாற்றம் அடிக்கும். பச்சைப்பிள்ளை வரப்போகிற அறையில் அது கூடாது. அதனால் ஷீட்டின் தாழ்ந்த விளிம்பை அந்தச் சுவரோடு சேர்த்து, வெள்ளி டேப்பை மூன்று சுற்று ஒட்டினேன். உயர்ந்த பக்கத்தை, சூடான காற்று வெளியே போகட்டும் என்று கொல்லைப்புறமாகத் திறந்து விட்டேன். வலை அடிக்க வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். டேப் ஒட்டிய இடத்தைத் தட்டிக் காட்டி, "ஒரு சொட்டு இறங்காது" என்று மைத்துனரிடம் சவால் விட்டேன். என் சவால்களைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

வேலை பலித்ததா என்று பார்க்க என்னிடம் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. கரண்ட் போனால் ஏற்றுவதற்காகப் பின்னறை பீரோவின் தலையில் எப்போதும் ஒன்று நிற்கும். பங்குனி, சித்திரையில் அதை யாரும் ஏற்ற வேண்டியதில்லை. மூன்று மணி வாக்கில் தானாகவே இளகி, மெல்லக் குனிந்து, பீரோவைத் தொட்டுக் கும்பிடும். ஷீட் கட்டிய மறுநாள் புது மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்திவிட்டுக் கூடத்தில் காத்திருந்தேன். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது. நான்கு மணிக்கும் அப்படியே நின்றது. கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தொட்டேன். கையை எடுக்கத் தோன்றவில்லை. உடனே கம்பத்துக்கு போன் போட்டேன்.

"ஆத்தா, மெழுகுவர்த்தி நிமிந்து நிக்குதுத்தா!"

"அப்பா, உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லேல்ல?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்ன பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம் வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன்.

நான்கு நாள் மெழுகுவர்த்தி நிமிர்ந்து நின்றது. ஐந்தாம் நாள் தலையைச் சாய்த்தது. ஆறாம் நாள் பழையபடி பீரோவைக் கும்பிட்டது.

நான் ஷீட் விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். போலிச் சரக்கு என்றேன். பத்து வருட உத்தரவாதம் என்றீரே, பத்து நாள் தாங்கவில்லையே என்றேன். அவர் பொறுமையாக, "அண்ணே, நடுவுல விட்ட எடம் அப்புடியேதான் இருக்கான்னு ஒருக்கா பாருங்க" என்றார். காற்று இருக்கிற இடத்தில் காற்றைத் தவிர வேறு என்ன இருக்கும் என்று சீறிவிட்டு, கொல்லைப்புறம் போய், மைத்துனர் விட்டுப் போயிருந்த ஏணியைச் சாத்தி ஏறினேன்.

காற்றுக்கு விட்ட இடத்தில் வடகம் இருந்தது.

என் வேட்டி இரண்டு அந்த வெள்ளித்தாளின்மேல் மடிப்பில்லாமல் விரித்துக் கிடந்தது. வேட்டி முழுக்க வரிசை வரிசையாகக் கூழ்வடகம். அந்தப் பக்கம் ஒரு பழைய சேலை. அதன்மேல் வெங்காய வடகம். தூரத்தில் சரிவில் ஒரு துண்டு, அதில் மோர்மிளகாய். பளபளப்பு என்று ஒரு விரற்கடைகூட வெளியே தெரியவில்லை. நான் ஏணியில் நின்றபடியே மனைவியைக் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

அவள் வந்தாள். பயந்து வந்தாள் என்று எழுத ஆசைதான். அப்படி வரவில்லை.

"என்ன கத்துறீங்க? பிள்ளை வந்தா மொத நாளே வடகம்தான் கேக்கும். மொட்டமாடியில போட்டா காக்கா கொத்துது, தூசி விழுகுது. இதுக்குள்ள கைய விட்டுப் பாத்தேன். என்னா சூடு! ஒரே நாள்ல கலகலன்னு காஞ்சிருது. இம்புட்டு நல்ல எடத்தச் சும்மா போட்டு வச்சிருக்கீங்களே."

"சும்மா இல்லடி. அது காத்துக்கு."

"காத்துக்கு ஊரு பூராம் எடம் கெடக்கு."

வெங்காய வடகம் எங்களுடையதே அல்ல என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்து வீட்டம்மா, "உங்க பின்னறைக்கு மேல நல்லா காயுதாமே" என்று ஒரு சட்டி மாவோடு வந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் சுண்டவற்றலுக்கு நாள் கேட்டு வைத்திருக்கிறார். என் மகளுக்காக நான் கட்டியதைத் தெருவே அடுப்பாக்கிக்கொண்டிருந்தது. உள்ளே படுத்திருக்கப் போகிறவளுக்கு அந்தச் சூடெல்லாம் இறங்கும் என்று நான் எடுத்துச் சொன்னபோதுதான் மனைவியின் முகம் மாறியது. ஒட்டடைக் கம்பால் வேட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். மறுநாள் மெழுகுவர்த்தி நிமிர்ந்து நின்றதால் நானும் நம்பினேன்.

மோர்மிளகாய்த் துண்டு சரிவில் வழுக்கித் தாழ்ந்த விளிம்புக்கே போய்விட்டது, கம்புக்கு எட்டவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. நான் கத்துவேனாம்.

சம்மந்தி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஊரே குளிர்ந்தது. நானும் வாசலில் நின்று சந்தோஷமாக நனைந்தேன். காலையில் பின்னறைக்குப் போனால், கட்டிலுக்கு மேலே ஷீட் கீழ்நோக்கிப் பெருத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தகரத்தில் ஸ்க்ரூ அடித்த இடங்களில் ரப்பர் வாஷர்கள் வெயிலில் வெடித்துப் போயிருந்திருக்கின்றன. அந்த ஓட்டைகள் வழியாக இறங்கிய தண்ணீர் முழுவதும் சரிவில் ஓடி, நான் மூன்று சுற்று ஒட்டிய டேப்பில் வந்து நின்றுவிட்டது. என் சவால் பொய்க்கவில்லை. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. எல்லாம் மேலேயே இருந்தது.

மனைவி பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நம்ம பிள்ளைக்கு முந்தி இதுக்கு வளைகாப்பு போடணும் போல," என்றாள்.

சாக்கு ஊசியும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்தேன். பத்து மணிக்குத்தானே வருவார்கள், அதற்குள் குத்தி வடித்துவிடலாம் என்று கணக்கு. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. சம்மந்தி முதல் பஸ்ஸையே பிடித்து, திராட்சைப் பெட்டி இரண்டோடு, சம்மந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டார். மத்தியானம்தானே படுக்கச் சொன்னோம், காபி குடித்துவிட்டுக் கூடத்தில் உட்காருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிய வேகத்தில் பின்னறைக்கு நடந்துவிட்டார்.

அதற்குள் நான் முன்னால் ஓடிப் போய்க் கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டிருந்தேன்.

"ஏன் சம்மந்தி, கட்டிலு வாசல்ல கெடக்கு?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு."

அவர் அண்ணாந்து பார்த்தார். திராட்சைத் தோட்டக்காரர், வாழ்நாள் முழுக்கக் கம்பிப் பந்தலுக்குக் கீழே நடந்தவர். "அடேயப்பா! நம்ம திராட்சப் பந்தலு கணக்காக் கம்பி இழுத்திருக்கீக. தொய்வே இல்லையே" என்று மனதாரப் பாராட்டினார். பாராட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் நகர்ந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். என் தலைக்கு மேலேதான் அது தொங்கியது.

"இது என்ன, இங்கன மட்டும் தொங்குது?"

"அது காத்து," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மட்டமானது அது. "காத்துக்குன்னு எடம் விடணும்ல சம்மந்தி."

தோட்டத்துக் குட்டைக்குப் பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் தேக்குகிறவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் என்னை மரியாதையாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, ஆள்காட்டி விரலை நீட்டி லேசாக ஒரு அமுக்கு அமுக்கினார். "இது காத்து இல்ல சம்மந்தி" என்று சொல்லி முடிப்பதற்குள் டேப் பிரிந்தது.

மழைத்தண்ணீர் முழுவதும் ஒரே மடையாக அவர் தலையில் இறங்கியது. அதன் கூடவே ஒரு துண்டு வந்து அவர் முகத்தை மூடியது. பின்னாலேயே மோர்மிளகாய் கொட்டியது. சம்மந்தியம்மா கதவருகே நின்றபடி "ஆத்தாடி" என்றார்.

சம்மந்தி முகத்திலிருந்த துண்டை எடுத்தார். தோளில் ஒட்டியிருந்த மிளகாய் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"மோர்மிளகாயா?"

"ஆமாண்ணே," என்றாள் என் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் நுனியைக் கடித்து மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகள் வருவதும் வராததும் அந்த வாயில் இருந்தது.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குத்தா," என்றார்.

பிறகு அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! நனைந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மாற்றிக்கொள்ளக் கொடுத்த வேட்டியிலும் வரிசை வரிசையாக வட்டக் கறை. துவைத்தும் போகாத வடகத் தடம். வீட்டில் துவைத்துக் காய்ந்திருந்தது அது ஒன்றுதான். அதையும் கட்டிக்கொண்டு கூடத்தில் சட்டமாக உட்கார்ந்து காபி குடித்தார். மைத்துனர் ஓடி வந்து தகரத்தின்மேல் ஏறி, வாஷர்களையெல்லாம் மாற்றினார். ஷீட்டைத் துடைத்து, தாழ்ந்த விளிம்பில் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் வைத்து, மறுபடி டேப் ஒட்டிக் கொடுத்தார். மதியத்துக்குள் வெயில் பழையபடி உறைக்க ஆரம்பித்தது. சாப்பாடு முடித்து, சம்மந்தி பின்னறையில் போய்ப் படுத்தார்.

நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மிக்ஸியைப் போடாதே என்று மனைவிக்குச் சைகை காட்டினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. இத்தனை வருடத்தில் ஒரு குறட்டையை நான் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதில்லை. நான்கு மணிக்கு எழுந்து வந்தவர், கழுத்தைத் தடவி என்னிடம் உள்ளங்கையைக் காட்டினார். உலர்ந்திருந்தது.

"வேர்க்கல சம்மந்தி. நீங்க செயிச்சுட்டீக."

நான் போனை எடுத்து மகளின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது சம்மந்தியம்மா பின்னறை வாசலில் நின்று சொன்னார்.

"இம்புட்டுக் குளுமை பச்சப்பிள்ளைக்கு ஆகாதே. நெஞ்சுல சளி கட்டிக்கிரும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. சூடு என்றீர்கள், குளிர வைத்தேன். இப்போது குளிர் என்கிறீர்கள். அடுத்து வீட்டு வாசல் தெற்குப் பார்த்திருக்கிறது என்பீர்களா? பெற்றவன் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப மனசில்லை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே! அவ்வளவையும் கத்தித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்த்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனைவி கிள்ளக்கூட இல்லை.

சம்மந்தியம்மா கோபப்படவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேர்வை இல்லை.

"ஆமாண்ணே. மனசு இல்லதான்," என்றார். "நான் பெத்தது மூணும் ஆம்பளப்பிள்ளை. மத்த ரெண்டுக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆனாலும், மருமகளுக எல்லாம் அவுக ஆத்தா வீட்டுக்குத்தான் போகும். அம்புட்டுப் பேரு பிரசவத்துக்கும் நான் வாசல்ல நின்னு வழியனுப்பத்தான் லாயக்கு. ஒரு பிள்ளைய, பொறந்த ஈரத்தோட என் கையில வாங்கிக் குளிப்பாட்டணும்னு ஆச. அத எப்படிண்ணே வாயத் தொறந்து கேக்குறது? அதான் வெயிலச் சொன்னோம்."

சம்மந்தி துண்டை மாற்றிப் போட்டார், உடனே பழையபடியே மாற்றிக்கொண்டார். நான் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வாரமாகத் தகரத்தோடும் தண்ணீரோடும் வடகத்தோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த அம்மா மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

என் மனைவிதான் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"மதினி, பிள்ளையோட நீங்களும் இங்க வந்துருங்க. மூணு மாசம் இருங்க. குளிப்பாட்டுறது பூராம் நீங்கதான். எனக்குப் பச்சப்பிள்ளையக் காலுல போட்டுத் தண்ணி ஊத்தவே பயம். எம்மகளையே எங்க ஆத்தாதான் குளிப்பாட்டுச்சு."

கடைசியில் சொன்னது பொய். எங்கள் மகளுக்கு முதல் நாளிலிருந்து தண்ணீர் ஊற்றியது அவள்தான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் மகள் வந்து இறங்கினாள், ஒரு கையில் துணிப்பை, மறுகையில் மாமியார். கத்திரி வெயில் உச்சத்தில் பேத்தி பிறந்தாள். சம்மந்தியம்மா சொன்னபடியே ஈரத்தோடு கையில் வாங்கினார். அந்தப் பின்னறையில் கட்டிலில் மகளும், கீழே பாயில் சம்மந்தியம்மாவும் என் மனைவியும், நடுவில் தொட்டிலும். எனக்கு அங்கே வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள். கான்கிரீட் கூடத்தில் நான் வெந்துகொண்டிருந்தேன்.

குழந்தைக்குப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு மத்தியானம் பேத்தியைப் பார்க்க உள்ளே போனபோது பீரோவின் தலையில் கண் போயிற்று. மெழுகுவர்த்தி தலையைச் சாய்த்திருந்தது.

யாரிடமும் சொல்லாமல் கொல்லைக்குப் போய் ஏணியைச் சாத்தினேன். கட்டில் பக்கம் வெள்ளித்தாள் சுத்தமாக, பளபளவென்று இருந்தது. பீரோவுக்கு மேலே வருகிற மூலையில் மட்டும் ஒரு சேலை விரித்திருந்தது. அதன்மேல் கம்பத்துத் திராட்சை பாதி சுருங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு ஊறவைத்துக் கொடுத்தால் வயிறு இளகும் என்று சம்மந்தியம்மா முந்தின நாள் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். கீழே அறைக்குள் மூன்று பெண்களும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மகளின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

இறங்கி உள்ளே வந்தேன்.

"சூடா இருக்காத்தா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லையேப்பா, நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நீங்கதான் வேர்த்துக் கெடக்கீங்க."

சம்மந்தியம்மா என்னையும் பீரோவையும் ஒரு கணம் பார்த்துவிட்டு, தொட்டிலை ஆட்டுவதில் மும்முரமானார். நான் பீரோ அருகே போய், இளகியிருந்த மெழுகுவர்த்தியைக் கையால் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.